ஏழு பட்டையும் ஒரே பக்கத்தில்

பாலா,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ ஒரு போட்டோ அனுப்பினாய். பாதி செய்த சின்ன மரக்கப்பல். அதற்குக் கீழே "எப்படி இருக்குப்பா?" என்று கேட்டிருந்தாய். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் இன்னும் பதில் போடவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பதற்கு இரண்டு நீல டிக் உனக்கு வந்திருக்கும். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உன் போனில் காட்டியிருக்கும், அப்புறம் நின்றுபோயிருக்கும். அது ஒரு தடவை இல்லை. எழுதுவதும் அழிப்பதுமாக நாள் முழுக்க அதே வேலைதான். மறுநாள் நீ ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினாய். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. உனக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம்தான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்திருந்தால் அது மட்டும் நிஜம் இல்லை. அதைச் சொல்லத்தான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துப் படி.

போன வருஷம் உன் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது நீ பெட்டியோடு வீட்டுக்கு வந்து நாலு மாதம் இருந்தாய். அந்த நாலு மாதமும் நானும் உன் அம்மாவும் எப்படி இருந்தோம் என்று உனக்குத் தெரியாது. நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், அவள் வெளியே நின்று மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பாள். நான் அவளைத் திட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் நானே போய் நிற்பேன். ஓசூரில் வேலை கிடைத்து நீ கிளம்பின பிறகும் எங்கள் பயம் கிளம்பவில்லை. போன் பண்ணினால் "சாப்டேன்", "சரி", "வெக்கிறேன்". இந்த மூன்று வார்த்தைக்கு மேல் நாலாவது வார்த்தை வராது. அப்படி இருக்கும்போதுதான் அந்தப் போட்டோ வந்தது. அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். போனை என் கையிலிருந்து பிடுங்கிப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தாள். "ஏங்க, நம்ம புள்ள கப்பல் செய்றாங்க" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா யோசிக்கிறீங்க? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த போடுங்களேன். ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் போடுறீங்க" என்றாள்.

நான் யோசித்தது இதுதான். அடிக்கட்டையை நேராக நிறுத்தி, அதன் மேல் விலா எலும்பு மாதிரி குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, அதுவரை நீ எல்லாம் சரியாகச் செய்திருக்கிறாய். அதற்கு மேல் மெல்லிய மரப்பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி வந்திருக்கிறாய். ஏழு பட்டை. ஏழும் இடது பக்கத்திலேயே. வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. பட்டையை வெந்நீரில் ஊறவைத்து வளைத்துத்தானே ஒட்டுகிறோம், அது காயக் காயச் சுருங்கும். சுருங்கும்போது அடிக்கட்டையைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் இந்தப் பக்கம் ஒன்று ஒட்டினால் உடனே அந்தப் பக்கம் ஒன்று ஒட்டிவிட வேண்டும். இரண்டும் எதிரெதிராக இழுத்துக்கொண்டு கட்டையை நேராக நிறுத்தும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் முழுக் கப்பலும் வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். அப்புறம் பட்டையைப் பிரிக்காமல் எந்த ராஜா வந்தாலும் நிமிர்த்த முடியாது. நீ வாங்கின கப்பல் பெட்டியில் இருந்த தாளில் இதெல்லாம் கண்டிப்பாகப் போட்டிருப்பான். தாளைப் படிக்காதது உன் அப்பனிடமிருந்து வந்த குணம்.

இந்தத் தப்பு தெரியாமல் வருவது கூட இல்லை, பாலா. கை ஓட ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மனசு வராது, அதில் வருகிறது. ஒரு பட்டை கச்சிதமாக உட்கார்ந்ததும் அடுத்ததை அதன் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கத் தோன்றும். கப்பலைத் திருப்பி வைக்கிற நேரம்கூட வீண் என்று தோன்றும். என் முதல் கப்பலும் இப்படித்தான் போயிற்று. அது இப்போது எங்கே என்று கேட்காதே, வெந்நீர் அடுப்புக்குள் போய்விட்டது. நீ அன்றைக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறாய் என்று அந்த ஏழு பட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷமாக வேறு எதிலும் அது எனக்குத் தெரியவில்லை. அதைப் போய் தப்பு என்று எப்படிச் சொல்வது? சொல்லி, நீ உளியைக் கீழே வைத்துவிட்டால்? "அடுத்த ஞாயிறு லீவுல மிச்சத்த ஒட்டணும்" என்று நீ எழுதியிருந்தாய். நம்ம ஊர்க் கடல் காற்றில் பட்டை முழுசாகக் காய ஒரு வாரம் ஆகும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் போதும், யோசிக்க நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உளியைக் கீழே வைத்துவிடுவாய் என்று நான் பயப்படக் காரணம் இருக்கிறது. நீ ஒரு தடவை வைத்தவன். உனக்கு மறந்திருக்காது, ஆனால் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நீ ஏழாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். அப்போது நான் கப்பல் செய்ய ஆரம்பித்து இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. மழை பிடித்தால் உப்பளம் தண்ணீருக்குள் போய்விடும், மோட்டார் ஓடாது, மோட்டார் மெக்கானிக்குக்கு வேலை ஏது? நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மரம் செதுக்குவதைப் பார்த்துப் பார்த்து நீயும் ஒன்று செய்கிறேன் என்று கிளம்பினாய். கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து, கொஞ்சம் தடியாக, ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஒரு கப்பல். தண்ணீர்த் தொட்டியில் விட்டுப் பார்த்து "மெதக்குதுப்பா, மெதக்குது" என்று தெருவே கேட்கக் கத்தினாய். நான், பாய்மரம் மட்டும் நட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாள் நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் பாய்மரத்தை நட்டேன். நட்டதும் மேல்தளம் கோணலாகத் தெரிந்தது, சீவினேன். சீவினதும் பக்கவாட்டு அசிங்கமாகத் தெரிந்தது, அதையும் மாற்றினேன். அப்புறம் அடிப்பாகம் எதற்கு பாக்கி என்று அதையும் புதுசாகச் செய்துவிட்டேன். கடைசியில், தொட்டியில் மிதந்த கட்டையில் ஒரு சிராய்கூட அதில் மிச்சம் இல்லை. சாயங்காலம் நீ வந்து புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் பார்த்தாய். "சூப்பரா இருக்குப்பா" என்றாய். நான் நம்பிவிட்டேன். கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. ஹெட்மாஸ்டர் மைக்கில் "யாருப்பா செஞ்சது இத?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் தயங்காமல் "எங்கப்பா செஞ்சாரு சார்" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. பொய் சொல்லாத பிள்ளை பாருங்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். கிளம்பும்போது கப்பலை எடுத்துக்கொண்டு வா என்றேன். "ஸ்கூல்லயே இருக்கட்டும்பா" என்றாய். அதையும் பெருந்தன்மை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நீ மரத்தைத் தொடவில்லை. மரம் தேய்க்க உப்புத்தாள் வாங்கி வரச் சொன்னால் வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாய். பிள்ளைக்குப் படிப்பில்தான் நாட்டம் என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு விஷயம் புரிவதற்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று. புரிந்ததும் உன்னால் இல்லை, ஒரு சமையல்காரரால். எங்கள் வாட்ஸ்அப் கப்பல் குரூப் உனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம், அவரவர் கப்பலைத் துணியில் சுற்றிக் கொண்டு வருவோம். முதல் கூட்டம் நம் வீட்டில்தான். குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸில் சமைக்கிறவர் ஒருத்தர் தன் கப்பலைக் கொண்டுவந்திருந்தார். ஆள் நல்ல தாட்டியம், மீசை இரண்டு பக்கமும் ஏறி நிற்கும். இரும்பை ஊரிலிருந்து வருகிற ஒரு பஸ் டிரைவர் அந்தக் கப்பலை வாங்கிப் பார்த்தார், பார்த்தபடியே அரத்தை எடுத்தார், "இப்டிப் பண்ணணும் தலைவரே, குடு இங்க" என்று முன்பக்கத்தைச் சரசரவென்று தேய்த்துச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டார். நல்ல மனசுடன்தான் செய்தார். சமையல்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "சூப்பரா இருக்குண்ணே" என்றார். அவர் குரலில் நீ பேசினாய், பாலா. அந்த மீசைக்குப் பின்னாலிருந்து புத்தகப் பையோடு நீ பேசினாய். டீ கொண்டுவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்குத்தான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். எங்கள் கூட்டத்தில் அடுத்தவர் கப்பலைப் பார்க்கும்போது கையைக் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். கேட்டால் வாயால் சொல்லலாம், கை மட்டும் போகக் கூடாது. ஏன் என்று கேட்டவர்களிடம், கையில் இருக்கிற உப்பும் எண்ணெயும் மரத்தில் பிடித்துவிடும் என்று ஒரு கதை விட்டேன். அவர்களும் நம்பிவிட்டார்கள். புதுசாக வருகிறவர்கள், ஏதோ சாமி சன்னதியில் நிற்கிற மாதிரி எல்லாரும் கை கட்டி நிற்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அது யாருக்காக வந்த வழக்கம் என்று இந்தக் கடிதத்தைப் படிக்கிற உன்னைத் தவிர இதுவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் நான் ஒரு பள்ளத்திலிருந்து ஏறி அடுத்த பள்ளத்தில் இறங்கினவன். கையைக் கட்டினதோடு நிறுத்தாமல் வாயையும் கட்டிக்கொண்டேன். குரூப்பில் யார் எந்தப் போட்டோ போட்டாலும் முதலில் கை தட்டுகிற பொம்மை என்னுடையதாகத்தான் இருக்கும். "அருமை", "பிரமாதம்", "விடாதீங்க". ஒருத்தரும் என்னால் உளியைக் கீழே வைத்துவிடக் கூடாது என்கிற பயம். எல்லாருக்கும் என்னைப் பிடித்துப் போயிற்று. கோட்டக்குப்பத்திலிருந்து ஜமீலா என்று ஒரு பெண் சேர்ந்தாள். வீட்டுக்காரர் துபாயில், வீட்டில் இவளும் மாமியாரும். சமையல் மேடையிலேயே ஒரு ஓரத்தில் கப்பல் செய்கிறவள். ஒரு நாள் அவள் போட்ட போட்டோவில் ஐந்து பட்டை, ஐந்தும் ஒரே பக்கத்தில். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாவம், வீட்டு வேலைக்கு நடுவில் செய்கிறாள், மனசு விட்டுப்போய்விடும் என்று "சூப்பர்மா" என்று போட்டு நாலு பொம்மையும் கை தட்டவிட்டேன். அவள் அதே உற்சாகத்தில் மிச்சப் பட்டையெல்லாம் ஒட்டி முடித்தாள். கப்பல் வளைந்துவிட்டது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். அவள் என்னிடம்தான் கேட்டாள்.

"அண்ணே, போட்டோ போட்டன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல வரவில்லை. "தெரிஞ்சுதும்மா" என்றேன்.

"அப்பறம் ஏண்ணே சூப்பர்னு போட்டீங்க?"

"நீ மனசு ஒடஞ்சுடுவியோன்னுதான்."

"எங்க வூட்டுக்காரரும் போன்ல எத காட்டுனாலும் நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் சொல்வாரு. அவரு பாக்காம சொல்றாரு. நீங்க பாத்துட்டு சொல்லியிருக்கீங்க. அவரே தேவலண்ணே" என்றாள்.

குரலை உயர்த்தக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்து பட்டையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நல்லவன் என்று பேர் எடுக்க நான் அவளுடைய இரண்டு மாத வேலையைப் பலி கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்கு உறைத்தது. அவளை ஒரு ஆளாக மதித்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

இவ்வளவு பட்டவனுக்கு உன் போட்டோவைப் பார்த்ததும் புத்தி வந்திருக்க வேண்டுமா இல்லையா? வரவில்லை. திங்கட்கிழமை "சூப்பர்" என்று அடித்தேன், ஜமீலா முகம் ஞாபகம் வந்தது, அழித்தேன். செவ்வாய்க்கிழமை "ஒரு சின்ன தப்பு இருக்கு" என்று அடித்தேன், ஹெட்மாஸ்டர் மைக் ஞாபகம் வந்தது, அழித்தேன். உப்பளத்தில் பாத்தியை மிதித்துத் தரையை இறுக்க ஆரம்பித்துவிட்டார்கள், மோட்டாரெல்லாம் இறக்க வேண்டிய நேரம். ஒரு மோட்டாருக்கு வயரை மாற்றிக் கொடுத்து அது தண்ணீரை இழுக்காமல் திருப்பித் தள்ளியது. "இன்னா மேஸ்திரி, தூக்கத்துல இருக்கியா?" என்று அளத்துக்காரர் கேட்டார். இப்படி இருந்தால் சரிப்படாது என்று புதன்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். நேராக ஓசூருக்கே போய்விடுவது. உன்னிடம் சொல்லாமல் வந்து நின்று, பார்க்க வந்தேன் என்று சொல்லி, நீ வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் நானே வலது பக்கம் ஏழு பட்டையை ஒட்டிவிடுவது. படிக்கும்போதே உனக்குப் பகீர் என்கிறதா? எனக்கு அது அப்போது பெரிய யோசனையாகத் தெரிந்தது. உளி, அரம், துணி கிளிப் ஒரு டஜன், வெள்ளைப் பசை எல்லாம் பையில் எடுத்து வைத்தேன். அம்மா கருவாட்டுத் தொக்கு ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்பதே அவளுக்குப் போதும், பையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது ஜமீலாவிடமிருந்து போன் வந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அவள் வீட்டில், நான் வருகிறேனா என்று கேட்கத்தான் பேசினாள். மகன் கப்பலில் ஒரு கோளாறு, சரிபண்ணப் போகிறேன் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஏழு பட்டை வரைக்கும்.

"தம்பி வரச் சொன்னாப்லயா?" என்று கேட்டாள்.

"இல்ல. சொல்லாமத்தான் போறேன்."

"பையில இன்னாண்ணே இருக்கு?"

பையின் வாயை இழுத்து மூடினேன்.

"கைய கட்டிக்கிட்டு பாருங்கன்னு எங்களுக்கு சொன்ன ஆளு நீங்கதானே?" என்றாள். "நீங்க அங்க போனீங்கன்னா கை சும்மா இருக்காதுண்ணே. வூட்டுக்குப் போயி, இன்னா பாத்தீங்களோ அத எழுதிப் போடுங்க. எழுதறப்போ கைக்கு வேற வேல இருக்கும்ல. மத்தத அல்லா பாத்துக்குவான், தம்பி சின்னப் புள்ளயா என்ன?"

பஸ் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போய்விட்டது. நான் அதே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டு வயசில் உன் கையிலிருந்து பிடுங்கினதை, முப்பத்தோரு வயசில் திரும்பப் பிடுங்குவதற்குப் பஸ் ஏறியிருக்கிறேன். திரும்பி வந்தபோது அம்மா தொக்கு டப்பாவை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "திண்டிவனம் வரைக்கும் தொக்க காத்து வாங்கக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றாள். அப்புறம் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று முழுக்க எழுத வார்த்தை வரவில்லை. இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிற ஆளாகச் சொல்கிறேன், கேள். முன்பக்கம் எல்லாப் பட்டையும் வந்து சேருகிற இடத்தில் நீ முனையைச் சாய்வாகச் சீவி அடிக்கட்டைக்குள் இறக்கியிருக்கிறாய். அந்தச் சீவல் ஏழிலும் ஒரே மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு அது இப்படி வந்ததில்லை, நான் பசையை நிறைய வைத்து மறைத்துவிடுவேன். நீ பசையைக் கொஞ்சமாக வைத்திருக்கிறாய், வெளியே பிதுங்கினதைத் துடைத்தும் இருக்கிறாய். இது சமாதானத்துக்குச் சொல்வது இல்லை. போட்டோவை அம்மா பெரிசு பண்ணின மாதிரி நானும் பெரிசு பண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஏழு பட்டையும் ஒரே பக்கம் ஒட்டினது தப்பு. ஞாயிற்றுக்கிழமை மேற்கொண்டு அந்தப் பக்கம் ஒட்டாதே. கப்பலை நேரான ஒரு பலகையில் கிளிப் போட்டு இறுக்கி வைத்துவிட்டு, வலது பக்கம் ஏழை முதலில் முடி. அப்புறம் இங்கே ஒன்று அங்கே ஒன்று. செய்ய வேண்டாம் என்று தோன்றினால் அப்படியே வைத்துவிடு, அதற்கும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கப்பல் உன்னுடையது.

உன்னைக் குரூப்பில் சேர்த்துவிடட்டுமா என்று ஒரு யோசனை. என் மகன் என்று சொல்ல மாட்டேன், ஓசூரிலிருந்து ஒருத்தர் என்று மட்டும் சொல்கிறேன். நீ காட்டினால் இருபது பேர் பார்ப்பார்கள். அதைவிட, வேறு யாராவது பயந்து பயந்து ஒரு போட்டோ போடும்போது நீ பார்த்துச் சொல்லலாம். அப்போது ஒன்று மட்டும் செய். அவசரப்பட்டு நல்லா இருக்கு என்று போட்டுவிடாதே, என்னை மாதிரி அஞ்சு நாள் பேசாமலும் இருந்துவிடாதே. அந்த ஆள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணுக்குப் பட்டது எதுவோ அதைச் சொல்லிவிடு. நீ அறைக்குள் இருந்த அந்த நாலு மாதமும் நானும் இதைத்தான் செய்திருக்க வேண்டும். கதவைத் தட்டி, நீ நல்லா இல்லன்னு எனக்குத் தெரியுதுடா என்று சொல்லியிருக்க வேண்டும். மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இதுவரைக்கும் எழுதி, பேனாவை மூடி, பக்கங்களைப் போட்டோ பிடிக்கலாம் என்று போனை எடுத்தேன். உன்னிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. கால் மணி நேரம் ஆகியிருக்கிறது, நான் எழுதுகிற கவனத்தில் பார்க்கவில்லை. புதுப் போட்டோ. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நீ பொறுக்கவில்லை, தினமும் வேலை விட்டு வந்து ஒன்றோ இரண்டோ ஒட்டியிருக்கிறாய். இப்போது பதினாலு பட்டை, அத்தனையும் இடது பக்கத்திலேயே. அடிக்கட்டை வளைந்திருக்கிறது, நன்றாகவே வளைந்திருக்கிறது. நான் நம்ம ஊர்க் காற்றை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். ஓசூர் காய்ந்த ஊர், பனிக்கால வறட்டுக் காற்று வேறு. ஒரு வாரத்தில் நடக்க வேண்டியது அங்கே இரண்டு நாளில் நடந்திருக்கிறது. போட்டோவுக்குக் கீழே நீ எழுதியிருக்கிறாய், "கோணிடுச்சுப்பா. இப்ப இன்னா பண்றது?"

அம்மா அதைப் படித்துவிட்டு என் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளுக்கு நான் எழுதினது எல்லாம் தெரியும், நான் எழுத எழுதப் படித்துக்கொண்டுதான் இருந்தாள். "இதெல்லாம் அனுப்பாதீங்க" என்கிறாள். "இன்னா பண்ணணுமோ அத மட்டும் சொல்லுங்க. மொதல்லயே தெரியும்னு தெரிஞ்சா அவனுக்கு வலிக்கும்." அவள் சொல்வது சரிதான். இந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடடா கோணிவிட்டதா என்று இப்போதுதான் பார்த்த மாதிரி கேட்கலாம். நீ நம்பிவிடுவாய். கேட்ட உடனே சொல்லிக்கொடுத்த அப்பா என்று என்னைப் பற்றி நல்லபடியாகவே நினைப்பாய்.

நான் எல்லாப் பக்கத்தையும் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எனக்குத் தெரியும், பாலா. அன்றைக்கே ஒரு வரி போட்டிருந்தால் உன் கப்பல் நேராக நின்றிருக்கும். இது உன் கையில் இருக்கிற கோளாறு இல்லை, என் பயம் செய்த வேலை. மெல்லிய துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கடைசியாக ஒட்டின பட்டை மேல் வை. பசை இளகும், இழுக்காமல் உரி. ஒவ்வொன்றாக வா. கடைசி நாலைந்து வந்ததுமே கட்டை கொஞ்சம் நிமிரும், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். ஒன்றிரண்டு பட்டை உடையும், உடையட்டும், வேறு இருக்கிறது. நான் வரவில்லை. படித்து முடித்ததும் எனக்கு ஒரு போன் பண்ணு. திட்டுவதாக இருந்தாலும் பண்ணு.

அப்பா